உலோகத்தின் உள்ளே ஓர் எதிரொலி

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். சங்க இலக்கியம், கல்வெட்டு, கோயிற்கலை என்று எழுத நம் சங்கத்தில் அறிஞர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். ஹௌரா பக்கத்தில் ஒரு ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் 1974 முதல் 2010 வரை மீயொலிச் சோதனைப் பிரிவில் காலம் தள்ளியவன். "அதையே எழுதுங்கள் சார், அதுக்கும் ஒரு வரலாறு இருக்குமில்லையா?" என்றார்கள். இருக்கிறது. கொஞ்சம் ரத்தக்கறை படிந்த வரலாறு அது.

நம்மில் பலருக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போவோம். வால்டேர் வந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோய் மாட்டுவார்கள். வண்டி வெகுநேரம் நிற்கும். அந்த நேரத்தில் நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியலோடு ஒருவர் பெட்டி பெட்டியாக வந்து சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். டங்... டங்... என்று கேட்கும். "அப்பா, அவர் ஏன் ரயிலை அடிக்கிறார்?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். பாட்டி சந்தையில் பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குவாளே, அதே மாதிரிதான் என்றேன். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது 'பொத்'தென்று சத்தம் போடும். சக்கரமும் அப்படித்தான்.

ஆனால் இந்தத் தட்டிப் பார்க்கும் வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. எஃகுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காற்றில் அது வெறும் 340 மீட்டர். நொடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியை எடுத்துக்கொண்டால், எஃகுக்குள் அதன் ஓர் அலையின் நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர் வருகிறது. ஆறு மீட்டர் அலைக்கு ஒரு மில்லிமீட்டர் விரிசல் எப்படிக் கண்ணில் படும்? கடல் அலை ஒரு மூங்கில் குச்சியைக் கண்டு நின்றுவிடுமா? சக்கரம் பாதி பிளந்திருந்தால் சுத்தியல் சொல்லும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் அது கணீரென்றே ஒலிக்கும். சிறிய குறையைப் பிடிக்க அலையும் சிறியதாக வேண்டும். நொடிக்கு 20 லட்சம் அதிர்வு என்றால் எஃகில் அலைநீளம் சுமார் 3 மில்லிமீட்டர். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 அதிர்வு. அதற்கு மேலே உள்ளதைத்தான் மீயொலி என்கிறோம். நம் பழைய பாடப்புத்தகங்களில் கேளா ஒலி.

அத்தனை வேகமாக அதிரும் பொருளுக்கு எங்கே போவது? விடை 1880-இல் பாரிஸில் கிடைத்தது. ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற இரு சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். மறு ஆண்டு லிப்மன் கணக்குப் போட்டு, இதன் மறுதலையும் உண்மையாக இருக்க வேண்டும், அதாவது மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரிய வேண்டும் என்றார். சகோதரர்கள் சோதித்துப் பார்த்தார்கள்; சரியாக இருந்தது. பியர் கியூரி என்றதும் நமக்கு மேரி கியூரியும் ரேடியமும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு முப்பத்தாறு வருஷம் சோறு போட்டது இந்த முதல் கண்டுபிடிப்புதான்.

கண்டுபிடித்ததோடு சரி, முப்பது வருஷத்துக்கு மேல் அது ஆய்வகத்து விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. பிறகு 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அது நடந்த சில வாரங்களுக்குள் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர், நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கொண்டு பனிப்பாறையைக் கண்டுகொள்ளும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். யோசனை இருந்தது, கருவி இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தபோது, பியர் கியூரியின் மாணவரான பால் லாஞ்செவன், ஆசான் கண்டுபிடித்த குவார்ட்ஸை எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து நீருக்கடியில் மீயொலியை அனுப்பினார். ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த மீன்கள் செத்து மிதந்தனவாம். 1918-இல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி கிடைத்தது. அது போரில் பயன்படுவதற்குள் போர் முடிந்துவிட்டது.

கடலுக்குள் கேட்ட எதிரொலியை இரும்புக்குள் கேட்கலாம் என்று முதலில் யோசித்தவர் லெனின்கிராடில் இருந்த செர்கேய் சோகலோவ். ஆண்டு 1928. உலோகத்தின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் பிடித்துப் பார்த்தார். நடுவே குறை இருந்தால் அங்கே நிழல் விழும், ஒலி குறையும். வெயிலில் ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழுவதுபோல. நல்ல யோசனைதான். ஆனால் நிழலைப் பார்க்க இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும். குறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை நிழல் சொல்லாது. விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் அலை உள்ளுக்குள் போய்த் திரும்பித் தன்னோடு தானே மோதிக் குழப்பமும் செய்யும்.

குழப்பத்தைத் தீர்த்தவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்டு ஃபயர்ஸ்டோன். தொடர்ந்து ஒலிக்காமல் ஒரே ஒரு சின்னத் துடிப்பை மட்டும் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு என்பதுதான் அவர் வழி. அனுப்பிய அதே படிகம், அடுத்த கணம் காதாக மாறி எதிரொலியைக் கேட்கிறது. 250 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக்குள் ஒலி அடிவரை போய்த் திரும்ப சுமார் 85 மைக்ரோ நொடி. பாதி நேரத்திலேயே ஓர் எதிரொலி வந்தால், பாதி ஆழத்தில் ஏதோ இருக்கிறது. 1940-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1942 ஏப்ரலில் கிடைத்தது. கருவிக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர்சானிக் ரிஃப்ளெக்டோஸ்கோப்'. இன்று சூப்பர்சானிக் என்றால் ஆகாய விமானம். அந்தக் காலத்தில் மீயொலிக்கும் அதே பெயர். போர்க்காலம் என்பதால் விவரங்கள் பெரும்பாலும் வெளியே வரவில்லை. அவருடைய விரிவான கட்டுரை 1946-இல்தான் அச்சேறியது. இங்கிலாந்தில் டொனால்டு ஸ்ப்ரௌல் என்பவரும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். போர் முடிந்து இடிபாடுகளுக்கு நடுவே ஜெர்மனியின் கொலோன் நகரில் யோசப், ஹெர்பர்ட் கிராட்கிராமர் என்ற சகோதரர்கள் 1949 வாக்கில் இந்தக் கருவிகளைக் கட்டத் தொடங்கினார்கள். பாருங்கள், இந்தக் கதையில் மறுபடியும் ஒரு ஜோடி சகோதரர்கள்.

அந்த கிராட்கிராமர் பெயர் போட்ட பச்சைத் திரைக் கருவி ஒன்றின் முன்னால்தான் 1974-இல் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு வங்காளி. நாங்கள் எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் செய்தது, இரும்பின் மேல் மெஷின் ஆயில் தடவாமல் புரோபை வைத்துக் காட்டியது. திரையில் ஒன்றுமே வரவில்லை. "இரும்பில் குறையே இல்லை, இல்லையா?" என்றார் அரைகுறை இந்தியில். நானும் தலையாட்டினேன். பிறகு எண்ணெய் தடவினார். கோடுகள் துள்ளி எழுந்தன. புரோபுக்கும் இரும்புக்கும் நடுவே தாள் கனத்துக்குக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அத்தனையும் திரும்பிவிடும். எண்ணெய் இல்லாதபோது நான் பார்த்தது குறையில்லாத இரும்பு இல்லை, இரும்பையே பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு இது சின்னப்பிள்ளை வேடிக்கையாகத்தான் பட்டது.

சேர்ந்து மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். உருகிய எஃகைத் தூக்கும் கிரேன் ஒன்றுக்கான தண்டு. இ.என். 24 என்கிற நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகு. விட்டம் 250, நீளம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரவு ஷிஃப்ட், விடிந்தால் லாரி வரும். நார்மல் புரோபை வைத்துத் தண்டைச் சுற்றி முழுக்கப் பார்த்தேன். பேக் எக்கோ, அதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து வரவேண்டிய எதிரொலி, எங்கும் கம்பீரமாக நின்றது. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு முனைகளிலிருந்தும் நீளவாக்கில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் முனைகள் ரம்பத்தால் அறுத்தபடியே கரடுமுரடாக இருந்தன. கடைந்து கொடுக்கச் சொன்னால் லாரி தவறிவிடும். ஷிஃப்ட் சூபர்வைசர், "சுத்திப் பாத்தாச்சில்லே, போதும் விடுப்பா" என்றார். ஆங்கிள் புரோபாவது போட்டிருக்கலாம். போடவில்லை. முனையில் என் முத்திரையை அடித்தேன்.

பத்து நாளில் தண்டு திரும்பி வந்தது. வாடிக்கையாளர் பட்டறையில் லேத்தில் ஏற்றிக் கடைந்தபோது, நடுப்பகுதியில் குறுக்காக ஒரு கோடு தெரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். நல்லவேளை, கடையும்போதே வெளியே வந்தது. ஒருவேளை அது இன்னும் அரை அங்குலம் உள்ளே தள்ளி இருந்திருந்தால், தண்டு கிரேனில் ஏறியிருக்கும். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. தாதா திட்டவில்லை. மேஜையிலிருந்து ஒரு போஸ்ட்கார்டை எடுத்து என் முகத்துக்கு நேரே அகலமாகப் பிடித்தார். "தெரியுதா?" தெரிந்தது. அதை அப்படியே திருப்பி விளிம்பு என் பக்கம் வரும்படி பிடித்தார். "இப்போ?" ஒரு கோடுதான் தெரிந்தது. "உன் ஒலியும் இதே மாதிரிதான் பார்த்தது. நீ எங்கே சுற்றினாலும் விரிசலின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்." தண்டின் குறுக்கே கிடக்கும் விரிசலுக்கு, பக்கவாட்டிலிருந்து நுழையும் எந்த ஒலியும் இணையாகவே போகும். மோதினால்தானே திரும்பி வரும்? அந்த இடத்தை வெட்டி, அமிலத்தில் கழுவி, மயிரிழைக் கோடு தெரியும் வில்லையாக்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெறும் வரை காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தார். எனக்கு அவர் அறைக்குள் போகவே கூச்சமாக இருக்கும்.

சாய்ந்த கோணத்தில் ஒலியை அனுப்பும் வழியை ஃபயர்ஸ்டோனே 1940-களில் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆங்கிள் புரோபில் ஒலி சற்று வேறுவகை அலையாக மாறிச் சாய்ந்து போகும். வேகமும் நொடிக்கு 3,200 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். எந்தக் கோணம் என்பதில்தான் சூட்சுமம். அதை மிகத் துலக்கமாகக் காட்டுவது ரயில் தண்டவாளம்.

1911 ஆகஸ்டு 25 அன்று நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டர் என்ற ஊரில் ஒரு ரயில் பாலத்தில் தடம் புரண்டு 29 பேர் இறந்தார்கள். உடைந்த தண்டவாளத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோவர்டு, தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள், வெளியே துளியும் தெரியாமல், குறுக்குவாட்டில் வளர்ந்திருந்த விரிசலைக் கண்டார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத எதிரி என்று அப்போதுதான் விளங்கியது. எல்மர் ஸ்பெர்ரி என்பவர் 1928-இல் மின்சாரத்தையும் காந்தப்புலத்தையும் கொண்டு இதைத் தேடும் வண்டியை ஓடவிட்டார். மீயொலி அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. தண்டவாளத் தலைக்குள் வளரும் இந்த விரிசல் செங்குத்தாக நிற்பதில்லை. சுமார் 20 பாகை சாய்ந்து நிற்கும். ஆகவே 70 பாகை புரோபிலிருந்து போகும் ஒலி அதன் முகத்தில் நேராக மோதும். நம் ரயில் பாதையில் தண்ணீர் ஒழுகவிட்டுக்கொண்டே ஒரு சின்னத் தள்ளுவண்டியை ஆட்கள் நடந்து தள்ளிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வயிற்றில் நேர் புரோபோடு, முன்னும் பின்னும் பார்க்கும் 70 பாகை புரோபுகளும் இருக்கும். தண்ணீருக்கு வேலை, எங்கள் மெஷின் ஆயிலின் வேலைதான். நாடு முழுதும் இதற்கான விதிகளை வகுப்பது லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு.

இதைச் சொல்லும்போது 1998 நவம்பர் 26 விடியற்காலையைத் தாண்டிப்போக முடியவில்லை. பஞ்சாபில் கன்னா என்ற ஊருக்கருகே, ஃபிரான்டியர் மெயில் என்று நாம் சொல்லிப் பழகிய பொற்கோயில் மெயிலின் பெட்டிகள் தடம் புரண்டு பக்கத்துப் பாதையில் விழுந்தன. எதிரே வந்தது ஜம்மு தாவியிலிருந்து நம் சியால்தாவுக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ். 212 பேர் இறந்தார்கள். முதலில் உடைந்தது தண்டவாளம். அந்த வாரம் முழுக்க சியால்தா ஸ்டேஷன் பக்கம் போனவர்களுக்கு அந்த முகங்கள் மறக்காது. எங்கள் பிரிவில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. டீ குடிக்கும்போது ஒருத்தர், "கடைசியா அந்த இடத்துலே யார் பாத்தாங்களோ" என்றார். அவ்வளவுதான்.

கன்னாவுக்குப் பிறகு தண்டவாள எஃகில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வி சூடாக எழுந்தது. எஃகு உருகி இருக்கும்போது ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மயிரிழை விரிசல்களாக வெடிக்கும், சில சமயம் பல நாள் கழித்து. காலையில் சோதித்தபோது நன்றாக இருந்த இரும்பு ஒரு வாரம் கழித்து விரிசலோடு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 1950-களின் நடுவில் அமெரிக்காவில் மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் சில அடுத்தடுத்து வெடித்துச் சிதறியபோதுதான் இதன் முழு விபரீதமும் புரிந்தது. எஃகை வெற்றிடத்தில் வைத்து ஹைட்ரஜனை உறிஞ்சி எடுக்கும் முறை பரவியதும், பெரிய ஃபோர்ஜிங் எதுவானாலும் மீயொலிச் சோதனை கட்டாயம் என்றானதும் அதற்குப் பிறகுதான். நம் நாட்டுத் தண்டவாள எஃகுக்கும் உருகிய நிலையில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 1.6 பங்குக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

சரி, கோணம் சரி, எண்ணெய் சரி, விதிப்படி எல்லாப் பக்கமும் பார்த்தாயிற்று. அப்படியும் எதிரொலி வராத குறை உண்டா? உண்டு. இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே அதைச் சொல்லத்தான்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் 296 பேரோடு பறந்துகொண்டிருந்த டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்தது. முன்பக்க விசிறியைத் தாங்கும் டைட்டேனியம் தட்டு இரண்டாகப் பிளந்து பறந்ததில், விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் குழாய்கள் மூன்று அமைப்பிலும் அறுந்துபோயின. கேப்டன் ஹேன்ஸும் குழுவினரும், பயணியாக வந்த இன்னொரு விமானி டெனிஸ் ஃபிட்சும் சேர்ந்து, மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதிச் சிதறியது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தது இன்றும் விமானிகள் வியந்து பேசும் விஷயம். தட்டின் துண்டுகள் மூன்று மாதம் கழித்து ஒரு சோள வயலில் கிடைத்தன.

தட்டின் நடுத்துளையின் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள சிறு குழியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. அதன் வேர் 1971-இல் அந்த உலோகத்தை உருக்கியபோது விழுந்தது. டைட்டேனியம் உருகும்போது நைட்ரஜனைக் கண்டால் விடாது. பிடித்துக்கொண்ட இடம் கண்ணாடிபோல் கெட்டியாகி உடையும் தன்மை பெற்றுவிடும். 'ஹார்டு ஆல்ஃபா' என்று அதற்குப் பெயர். அந்தத் தட்டு மீயொலிச் சோதனையில் தேறிய தட்டு. சோதித்தவர் சோம்பேறி இல்லை, அவசரப்பட்டவரும் இல்லை. ஹார்டு ஆல்ஃபா என்பதும் டைட்டேனியம்தான். ஒலிக்கு அதற்கும் சுற்றியுள்ள நல்ல உலோகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுவே வெற்றிடமோ விரிசலோ இல்லாமல் இறுக ஒட்டிக்கொண்டிருந்தால், ஒலி தடையின்றி ஊடுருவிப் போய்விடும். பால் பாத்திரத்தில் விழுந்த பால்துளியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பிறகு எப்போதோ அந்தக் கெட்டித் துணுக்கு உதிர்ந்து குழியானது, 15,000-க்கும் மேற்பட்ட பறப்புகளில் விரிசல் மெல்ல வளர்ந்தது. 1988-இல் விமான நிறுவனத்தின் பராமரிப்பில், ஒளிரும் சாயம் தடவிப் பார்க்கும் வேறொரு சோதனையின்போது விரிசல் சுமார் அரை அங்குல நீளத்துக்கு வெளியே தெரியும்படியே இருந்திருக்க வேண்டும் என்றும், அப்போது அதைப் பார்க்கத் தவறியதற்கு மனிதக் குறைபாடுகளை முறையாகக் கருத்தில் கொள்ளாததே காரணம் என்றும் விசாரணை அறிக்கை சொன்னது.

இந்த அறிக்கையின் சுருக்கம் எங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு தொழில் இதழில் வெளியானபோது நான் இரண்டு முறை படித்தேன். என் தண்டு விஷயத்தில் நான் செய்தது தப்பு, விதியை மீறினேன். 1971-க்காரர் விதியை மீறவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது? உலோகம் செய்பவர்கள் பக்கமிருந்து வந்த பதில், டைட்டேனியத்தை வெற்றிடத்தில் இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை உருக்குவது. விமானம் விழுவதற்கு வெகுநாள் முன்பே அந்த மாற்றம் வந்துவிட்டது, ஆனால் பழைய தட்டுகள் பறந்துகொண்டுதான் இருந்தன. சோதிப்பவர்கள் பக்கமிருந்து வந்தது, ஒரே புரோபால் முழு ஆழத்தையும் பார்க்காமல், ஆழத்தை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒலியைக் குவித்துப் பார்க்கும் முறை. 1990-களில் அமெரிக்க அரசு பணம் கொடுத்து எஞ்சின் கம்பெனிகளையும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் இதற்காக ஒன்றுசேர்த்தது. விமானம் விழுந்த அதே மாநிலம்.

நம் பக்கத்திலும் இந்தத் துறைக்கு ஒரு பெரிய வீடு உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலேயே. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ் தலைமையில் வளர்ந்த குழுவைத்தான் சொல்கிறேன். துருப்பிடிக்காத எஃகின் வெல்டிங்குக்குள் உலோக மணிகள் தென்னங்கீற்றுபோல நீளநீளமாக வளர்ந்து ஒலியை வளைத்துச் சிதறடிக்கும். அதற்குள் விரிசலின் எதிரொலியைப் பிரித்தெடுப்பது சந்தை இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பைக் கேட்பது மாதிரி. அணு உலைக் கலங்களுக்கு அது தேவை என்பதால் அவர்கள் அதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவரும் அவருடைய சகாக்கள் ஜெயக்குமாரும் தவசிமுத்துவும் சேர்ந்து எழுதிய பாடநூல் எங்கள் பிரிவில் அட்டை கிழிந்து பைண்டு போட்ட நிலையில் கிடந்தது. பல்தேவ் ராஜ் ஜம்முவில் பிறந்தவர், கல்பாக்கத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். 2018-இல் காலமானார். நாம் வடக்கே வந்தோம், அவர் தெற்கே போனார்.

கதையின் ஒரு கிளையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1953-இல் ஸ்வீடனில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவியைப் பார்த்துவிட்டு, அதேபோன்ற ஒன்றை இரவல் வாங்கித் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உலோகக் குறை பார்க்கும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்களாம். நீர்க்கட்டியும் கெட்டியான கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன. 1958-இல் அவருடைய குழுவின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. இன்று கர்ப்பிணிகள் எடுத்துக்கொள்ளும் ஸ்கேன் பிறந்த கதை இது. இரும்புப் பட்டறையிலிருந்து பிரசவ அறைக்குப் போனது.

என் மகள், ரயிலை ஏன் அடிக்கிறார் என்று கேட்டவள்தான், கர்ப்பமாக இருந்தபோது அவளோடு ஒரு ஸ்கேன் நிலையத்துக்குத் துணைக்குப் போனேன். மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்ற பலகையைத் தாண்டி உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வயிற்றில் ஜெல் தடவினார். எங்கள் மெஷின் ஆயில்தான், கொஞ்சம் நாகரிகமாக. புரோபை வைத்தார். முதுகெலும்பு மணி கோத்த மாதிரி தெளிவாக வந்தது, இதயம் துடித்தது. "எல்லாம் நார்மல்" என்று சொல்லப்போகிறார், எந்தெந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள் என்று கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் புரோபைச் சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு எடுத்துவிட்டு, "குழந்தை திரும்பிப் படுத்திருக்கு, முகம் சரியா கிடைக்கலே. கொஞ்ச நேரம் வெளியே நடந்துட்டு, ஏதாவது இனிப்பா சாப்பிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்" என்றார் வங்காளத்தில்.

மகள் அலுத்துக்கொண்டாள். நான் அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு எதிரே இருந்த மிட்டாய்க் கடைக்குப் போனேன்.